காது மந்தமான மைக்

எங்கள் தெருவில் ‘வெண்கலம்’ என்றால் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அவள் “வண்டி புறப்படுகிறது” என்றால், ஓட்டுநர் ஏறாத வண்டிகூட ஓர் அடி நகர்ந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும். நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆளில்லை.

அந்தத் தொண்டைக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது.

“இனிமே மிஷின்தாம்மா அறிவிக்கும்” என்றார் நிலைய மேலாளர். “வேணும்கிறவங்க வீட்டிலயே பதிவு பண்ணி வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாங்க. எது தெளிவா இருக்கோ, அந்தக் குரலுக்குத்தான் வேலை.”

“என்னோடது தேறலைன்னா?”

“தொலைஞ்ச சாமான் அறைல உக்காருங்க.”

அங்கே குடைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான் துணை. கால் மணி நேரம் பேசாமலிருந்தாலே வெண்கலத்துக்கு மூச்சு முட்டும்.

கூரை ஒழுகலை அடைத்ததுபோக வீட்டில் மிஞ்சியது சொற்பம். அதை முந்தானையில் முடிந்துகொண்டு, நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

“உங்க ரூம் எப்படிம்மா?” என்று கடைக்காரர் கேட்டார். “பெரிசா? தெருப் பக்கமா?”

“ரூமையா பதிவு பண்ணப் போறேன்? மைக்கைக் காட்டுங்க. எது ரொம்ப தூரம் கேக்கும்?”

வாழ்நாளெல்லாம் கடைசி நடைமேடை வரைக்கும் கத்தினவள் அல்லவா! அவளுக்குத் தரம் என்றால் தூரம். மேடைப் பாட்டுக்காரர்கள் வாயோரம் பிடிக்கிற மலிவான மைக்கைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். அதைத் தள்ளிவிட்டு, இருந்த காசையெல்லாம் போட்டு, எறும்பு நடப்பதும் கேட்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த மைக்கை வாங்கி வந்தாள்.

தங்கையின் பழைய லேப்டாப்பில் அதைச் செருகி, நாத்தனாரின் ஹெட்போனை மாட்டினாள். எறும்பு நடப்பது கேட்டது. மாடி வீட்டு மாமாவின் முழங்கால் ‘டக்’கென்றது. பல்லி பூச்சியை விழுங்கிவிட்டுப் பெருமூச்சு விட்டது. தையல் மிஷினில் இருந்த கணவரின் பக்கம் மைக்கைத் திருப்பினாள்.

‘இவ எப்ப முடிப்பா, நான் எப்ப சாப்பிடுவேன்?’

அவளுக்கு வந்ததே கோபம்! நேரே போய் அவர் காதோரம் கேட்டாள். மிஷின் சத்தத்தில் காலம் தள்ளியவர். காதோரம் சொன்னால்தான் அவருக்கு எதுவும் ஏறும்.

“நான் வாயே திறக்கலையே!” என்றார் தையல்காரர்.

“மைக் சொல்லுதே!”

அதற்குள் நாத்தனார் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டுவிட்டாள். “அண்ணி, எதிர்வீட்டுக்காரி நம்ம திரைச்சீலையை என்ன சொல்றா தெரியுமா? இருங்க இருங்க, இப்பத்தான் உங்க பேச்சுக்கு வர்றா!” அன்று முழுக்க ஹெட்போன் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை வெண்கலம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினாள். தெருவே இணங்கியது. குக்கர்கள் இறங்கின. தச்சர் சுத்தியலைத் தலையணையில் சுற்றி வைத்தார். மாடி வீட்டு மாமா காலை நீட்டியபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். கடைசியில் எல்லாரும் மூச்சையும் அடக்கிக்கொண்டார்கள். அப்போது பதிவானது என்ன தெரியுமா? தெருவில் உள்ள அத்தனை பேரின் நெஞ்சும் படபடவென்று அடிப்பது.

வெண்கலம் தலையில் கை வைத்து உட்கார்ந்து, “என் பொழப்பு போச்சு!” என்று கத்தினாள்.

எதிரே இருந்த தையல்காரர் நிமிர்ந்து, “என்ன சொன்னே?” என்றார்.

அவர் காதையே பார்த்தாள். எதிர்வீட்டுப் பேச்சு, நாய், குக்கர் எதுவும் ஏறாத காது. பக்கத்தில் வந்தவள் குரல் மட்டும் ஏறும் காது!

“எனக்கு வேண்டியது உங்களை மாதிரி ஒரு மைக்குங்க!” என்று அவர் காதில் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

“பழுதாம்மா?” என்றார் கடைக்காரர்.

“பழுதா இருந்தா வச்சிக்கிட்டிருப்பேனே. ரொம்ப நல்லா இருக்கு, அதான் வினை. அந்தக் காது மந்தமானதைக் குடுங்க.”

மலிவு மைக்கோடு, மிச்சக் காசுக்கு ஒரு தாங்கியும் ஹெட்போனும் வந்தன. நாத்தனார் மட்டும் பழைய மைக்கைப் பிரிந்த துக்கத்தில் சாப்பிடவில்லை.

தைக்க வந்த கம்பளிகளை எல்லாம் தையல்காரர் கூடாரமாகத் தூக்கிப் பிடித்தார். உள்ளே வெண்கலம் மைக்குக்கு நாலு விரல் தள்ளி உட்கார்ந்து பேசினாள். வெளியே நாய் குரைத்தது, குக்கர் கூவியது. மைக் எதையும் சட்டை செய்யவில்லை. ஒன்றைத் தவிர. சாப்பிடாமல் பக்கத்திலேயே நின்ற தையல்காரரின் வயிறு, ஒவ்வோர் அறிவிப்பு முடிவிலும் ‘குர்ர்ர்’ என்றது. அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நிலையம் முழுக்கப் போட்டுப் பார்த்தபோதுதான் கேட்டது. “அது என்னம்மா கடைசில உறுமுது?” என்று மேலாளர் முகம் சுளித்தார். வெண்கலத்தின் கண்ணுக்குள் குடைகள் வரிசையாக நின்றன.

அப்போது சிற்றுண்டிக் கடைக்காரர் வெறும் தட்டோடு ஓடிவந்தார். “சார், அறிவிப்பு முடியுது, அத்தனை பேரும் வயித்தைத் தடவிக்கிட்டு என் கடைக்கு வர்றாங்க! அந்தக் ‘குர்ர்’ல கை வச்சீங்க, நான் கடையைக் காலி பண்ணிடுவேன்!”

வேலை வெண்கலத்துக்குத்தான். புது வழித்தடம் ஏதாவது வந்தால் இன்றைக்கும் அவளேதான் வீட்டில் பதிவு செய்கிறாள். என்ன, அன்று பதிவு முடியும்வரை தையல்காரருக்குச் சாப்பாடு கிடையாது.