துரையும் காணாமல்போன ஊசியும்

தொங்கும் நூலைக் கண்டால் என் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. கழுத்தில் நாடா கட்டித் தொங்கவிட்டிருக்கும் சின்னக் கத்தரி தானாகவே விரலுக்கு வந்துவிடும். பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் காலரில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டி, அவர் திரும்பி முறைத்ததும், "விட்டா பிரிஞ்சிரும் சார், அதான்" என்று சொன்னவள் அவள். ஒரு சாவு வீட்டில், படுக்க வைத்திருந்தவரின் சட்டைக் கைமடிப்பில் நூல் தொங்க, கும்பிடக் குனிந்தவள் அதையும் வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். எனக்கு மானம் போனது. வீட்டுக்கு வந்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். "கடைசியா போட்டுக்கிட்டுப் போற சட்டைடி. அதுலயாவது நூல் தொங்காம இருக்கட்டும்" என்றாள். இப்படிப்பட்டவளிடம் என்னத்தைப் பேசுவது?

அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. இரண்டாவது மிஷினில் நான். பொத்தான், காஜா, ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங், அக்காவிடம் திட்டு வாங்குவது, எல்லாம் என் பொறுப்பு. அத்தான் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பகலில் வீட்டில் இருக்க மாட்டார், இருந்தாலும் இருப்பது தெரியாது.

இவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத குறைக்குப் பூனை வளர்க்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அக்காவின் காதில் விழும்படி ஒருத்தி சொல்லியே விட்டாள். "ஏன், பிள்ளை பெத்தவங்க பூனை வளர்க்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டாள் அக்கா. கேட்டுக்கொண்டே அந்தப் பெண்ணின் ரவிக்கைக்கு அளவெடுத்தாள். அளவு நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது போலத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பூனையின் பெயர் துரை. துணி ஆலையிலிருந்து வெட்டுத்துணி மூட்டை வாங்கியபோது அதற்குள் குட்டியாகக் கிடந்து வந்தவன். கழிவுத்துணியில் பிறந்தவனுக்கு வந்த ரசனையைப் பாருங்கள்: பருத்தியில் படுக்க மாட்டான், பட்டு வேண்டும், இல்லையென்றால் வெல்வெட். வாடிக்கையாளர் கொண்டுவந்து வைக்கும் துணிகளில் எது விலை கூடியது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் துரை எதன்மேல் படுத்திருக்கிறான் என்று பார்த்தால் போதும். அவன் எழுந்துபோன பிறகு ஒட்டு நாடாவை உருட்டி உருட்டி முடி எடுக்கிறவள் யார்? நான்தான். வக்கீல் ஒருவர் தன் கறுப்புக் கோட்டை இரண்டு முறை திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாம் முறை வரவேயில்லை. இதை அக்காவிடம் யார் எடுத்துச் சொல்வது? பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கதைதான்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து தைத்து, முதுகு கழன்றுபோய் அக்கா தரையில் குப்புறப் படுக்கும்போது, துரை மெதுவாக வந்து அவள் இடுப்பில் ஏறி உட்காருவான். அந்தச் சூட்டுக்கும் கனத்துக்கும் எந்தத் தைலமும் ஈடாகாது என்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். நானும்தான் அவளோடு முப்பது வருஷமாக இருக்கிறேன். என்னிடம் ஒரு நாளும் அந்த முகம் காட்டியதில்லை.

ஒரு கல்யாண வேலை வந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒருவரின் மகளுக்கு நீளமான வெள்ளைப் பட்டுக் கவுன், உள்ளே லைனிங், கீழே சுற்றிலும் கையால் ஹெம்மிங். மறுநாள் காலையில் கல்யாணம். டீச்சர் சாயங்காலம் வந்து வாங்கிப் போவதாகப் பேச்சு. அக்கா யாரையும் தொடவிடாமல் தானே ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. கையில் இருக்கும் ஊசியை எழுந்திருக்கும் முன் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சுத் திண்டில் குத்த வேண்டும். துணியில் குத்தி வைக்கவே கூடாது. நான் ஒரு தடவை செய்துவிட்டு ஒரு வாரம் பேச்சு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் யாரோ கூப்பிட, அக்கா எழுந்து போனாள். போகும்போது ஊசியை எங்கே குத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், சரி. அது சறுக்க வேறு நாளே கிடைக்கவில்லையா?

திரும்பி வந்தபோது துரை கவுனின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் உதட்டோரத்தில் வெள்ளை நூல் ஒன்று தொங்கியது.

"என்னடா வாயில, திருட்டுப் பயலே" என்று சிரித்தபடியே அக்கா அவன் தாடையைப் பிடித்தாள். கத்தரி விரலுக்கு வந்துவிட்டது. வாயை ஒட்டி ஒரே வெட்டு. வெட்டிய நூலைக் குப்பைக்கூடையில் போட்டாள். துரை தலையை உதறிவிட்டு மேஜைக்கு அடியில் போனான். உலகத்தில் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்த நூலை ஒரு விநாடியாவது உற்றுப் பார்த்திருப்பாள். இவளுக்குத் தொங்கும் நூல் என்றால் வெட்ட வேண்டிய நூல், அவ்வளவுதான்.

அக்கா உட்கார்ந்து கவுனை மடியில் இழுத்தாள். ஊசியைத் தேடினாள். திண்டில் இல்லை. துணியில் இல்லை. மேஜையில் இல்லை.

அவள் கை நின்றுவிட்டது. எழுந்து குப்பைக்கூடையைத் தரையில் கொட்டி, அந்த வெள்ளை நூலைத் தேடி எடுத்தாள். அதன் ஒரு முனையில் முடிச்சு இருந்தது. பழைய நூல் தீர்ந்து, அடுத்த தையலுக்குப் புதிதாகக் கோத்து அவள் போட்ட முடிச்சு. வெளியே தொங்கியது முடிச்சுப் பக்கம் என்றால், உள்ளே போனது ஊசிப் பக்கம்.

"அடிப்பாவி, நான் என்ன பண்ணிட்டேன்" என்றாள். என்னைச் சொல்லவில்லை, தன்னைத்தான் சொன்னாள்.

மேஜைக்கு அடியில் துரை முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எச்சில் வழிந்தது. விழுங்கினான், மறுபடி விழுங்கினான். கத்தவில்லை. ஊரைக் கூட்டுகிற குரல் அவனுக்கு. காலையில் பால் ஒரு நிமிடம் தாமதமானால் தெருவே எழுந்துவிடும். அவன் கத்தாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா அவனை லைனிங் துணியில் சுற்றித் தூக்கவும், வாசலில் டீச்சரின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. பூனை ஊசியை முழுங்கிருச்சு. மிருக ஆஸ்பத்திரி வரைக்கும் உங்க கார்ல விட்டுருங்க."

டீச்சர் பூனையைப் பார்த்தார். மேஜையில் கிடந்த கவுனைப் பார்த்தார். "எந்த ஊசி?"

"இதுல ஹெம்மிங் போட்ட ஊசிதான்."

"முழுங்கிருச்சுன்னு உறுதியா தெரியுமா? நூலை விட்டுட்டு ஊசி மட்டும் கழன்று துணிக்குள்ள போயிருந்தா? நாளைக்குக் காலைல என் பொண்ணு இதைத்தான் போட்டுக்கிட்டு நிக்கப் போறா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாள் கேட்டதில் தப்பில்லை. ஊசி நூலில் கோத்துத்தானே இருக்கிறது, கட்டியா இருக்கிறது? பட்டுக்கும் லைனிங்குக்கும் நடுவில் புகுந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பெண் உட்காரும்போது தெரியும்.

"மொதல்ல கவுனைத் தேடுங்க. அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார் டீச்சர்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். வாடிக்கையாளரிடம் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை. "இவன் அதுவரைக்கும் தாங்க மாட்டான் டீச்சர். கவுனும் வரட்டும். என் தங்கச்சி வழியெல்லாம் தேடிக்கிட்டே வருவா" என்றாள்.

அப்படித்தான் போனோம். டீச்சர் ஓட்ட, பக்கத்தில் அக்கா, மடியில் துரை. பின்சீட்டில் நானும் ஒரு கல்யாணக் கவுனும். கையில், கடையில் கீழே விழும் ஊசி பொறுக்குகிற எங்கள் குதிரைலாடக் காந்தம். மடிப்பு மடிப்பாகக் காந்தத்தை ஓட்டினேன், பிறகு விரலால் தடவினேன். எதுவும் தட்டுப்படவில்லை. பள்ளத்தில் கார் குலுங்கும்போதெல்லாம் டீச்சர், "கிடைச்சுதா?" என்று கேட்டார். அக்கா, "மெதுவா போங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் அக்காவும், "கிடைச்சுதாடி?" என்று கேட்டாள். கெஞ்சுகிற குரல்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊசி துணியில் இருக்கக் கூடாதே என்று ஒருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள். துணியிலேயே இருந்துவிடக் கூடாதா என்று இன்னொருத்தி வேண்டிக்கொண்டிருந்தாள். ஊசியோ ஒன்றுதான். நான் யாருக்காக வேண்டிக்கொள்வது? அக்காவுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். முன்பின் பார்க்காத ஒரு மணப்பெண்ணின் உடுப்பில் ஊசி இருக்கட்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துரையை மேஜையில் கிடத்தி வாயைத் திறந்து பார்த்தார். எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம், கவுன் என் மடியில். எதிரே ஒருவர் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்தார். கிளி எங்களைப் பார்த்து ஏதோ சொன்னது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் வெளியே வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். படிக்காத எனக்கும் தெரிந்தது. எலும்புகளுக்கு நடுவில், தொண்டைப் பக்கத்தில், பளிச்சென்று ஒரு கோடு.

"அப்பாடா" என்றார் டீச்சர்.

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"நாக்கு வேர்கிட்ட, தொண்டையில குத்தி நிக்குது. முனை பின்பக்கம் பார்த்திருக்கு" என்றார் டாக்டர். "நூல் இருந்திருக்குமே, எங்க?"

"வெட்டிட்டேன்."

"எதுக்கும்மா வெட்டுனீங்க? நூலைப் பார்த்துப் போனா ஊசி எந்த இடத்துல நிக்குதுன்னு சுலபமா புடிச்சிருக்கலாம். இப்ப நான் தேடித் துழாவணும்." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குரலைக் குறைத்தார். "இழுக்கலையே?"

"இல்ல."

"அந்த வரைக்கும் நல்லது. இழுத்திருந்தா கிழிச்சிருக்கும். ஆனா வயசான பூனை, இதயத்துடிப்பும் சரியில்ல. மயக்க மருந்து தாங்குமான்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்காமலும் எடுக்க முடியாது."

"கொடுங்க" என்றாள் அக்கா. பிறகு, "நான் பக்கத்துல இருக்கட்டுமா?" என்றாள். கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கவுனில் இன்னும் ஒரு முழம் ஹெம்மிங் பாக்கி. டீச்சர் வாய்விட்டுக் கேட்கவில்லை. அக்காவே என் கைப்பையிலிருந்து வேறு ஊசி எடுத்தாள். நூலை நாக்கில் நனைத்தாள். கோக்கப் பார்த்தாள். நூல் காதைத் தாண்டிப் போனது. மறுபடி பார்த்தாள். இருட்டில்கூட ஊசி கோக்கிறவள் அவள். ஊசியை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் கோத்து, நானே தைத்து முடித்தேன். அக்கா வாங்கிச் சரிபார்க்காமல் விட்ட முதல் வேலை அதுதான்.

கவுனை மடித்து டீச்சரிடம் கொடுத்தேன். நாளைக்குக் கல்யாணம், வீட்டில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நகர்ந்து வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் அப்பாடான்னு சொன்னது..."

"நீங்க பெத்தவங்க. வேற என்ன சொல்லுவீங்க?" என்றாள் அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

கதவு திறந்தபோது டாக்டரின் நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு கிண்ணத்தில் ஊசி கிடந்தது. "எடுத்தாச்சு. நடுவுல ஒரு தடவை மூச்சு நின்னுபோச்சு, தட்டிக் கொண்டுவந்தோம். பொழைச்சுக்கும்" என்றார். அக்கா ஊசியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக உள்ளே போனாள். துரை நாக்கு வெளியே தள்ளக் கிடந்தான். அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நின்றபடியே அழுதாள். நானும் அழுதேன். டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

கிளம்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "ருசி கண்ட பூனைம்மா, உறிக்கு உறி தாவும். நூலை இனிமே விடாது. அடுத்த தடவை என் கையிலயும் இல்ல. தையலும் பூனையும் ஒரே ரூம்ல வேண்டாம்."

எங்கள் முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவில் அதுவரை வெறும் நிலைதான் இருந்தது, கதவு கிடையாது. அத்தான் தச்சரைக் கூட்டிவந்து கதவு போட்டார். வேலை நேரம் முழுக்க அது சாத்தியிருக்கும். துரை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். தொண்டை ஆறியதும் அவன் ஆரம்பித்துவிட்டான். காலையில் தொடங்கினால் சாயங்காலம் வரை கதவைப் பிறாண்டிப் பிறாண்டிக் கத்தல். நாங்கள் என்னவோ அவனைக் கொலை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கல்நெஞ்சக்காரி என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் என்னாலேயே தாங்க முடியவில்லை. "அக்கா, ஊசியெல்லாம் எடுத்து உள்ள வச்சுடறேன். கொஞ்ச நேரம் திறந்து விடுவோமே. பாவமா இருக்கு, காது கொடுத்துக் கேக்க முடியல."

அக்கா மிஷினை நிறுத்தாமலே, "கத்தட்டும்டி" என்றாள்.

அதன் பிறகுதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். துரை கத்துகிற வரைக்கும் அக்காவின் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். கத்திக் களைத்து, ஊசி விழுங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி அவன் சத்தமில்லாமல் இருந்தால், தையல் பாதியில் இருந்தாலும் அவள் கால் நின்றுவிடும். துணியைப் பிடித்தபடி கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் மறுபடி கத்திய பிறகுதான் மிதிப்பாள்.