ஊருணிக் காவலரின் கால்

வலையபட்டிப் பக்கத்தில் காளியாயியைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நொண்டிக்கொண்டுதான் வருவார்கள். அவள் நரம்புச்சிலந்தி எடுப்பவள். காலில் கொப்புளம் கட்டி உடைந்ததும் வெள்ளை நூல் போலப் புழு தலைநீட்டும். அதை விளக்குமாற்று ஈர்க்கில் மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை, அவ்வளவுதான். அவசரப்பட்டால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய மிச்சம் காலையே அழுகவைக்கும்.

அவள் புருஷன் மாயக்கண்ணன் அப்படித்தான் செத்தான். விதைப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஒரே இழுப்பாய் இழுத்தான். தொடைவரை வீங்கி, நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகுதான் காளியாயி ஈர்க்கைக் கையில் எடுத்தாள். பதினோரு வருஷமாக அவள் கையில் ஒன்றுகூட அறுந்ததில்லை.

உடம்பு நன்றாயிருப்பது என்றால் என்னவென்று கேட்டால், "ஒடம்புன்னு ஒண்ணு இருக்கிற நெனப்பே வராம வேலை பார்க்கணும்" என்பாள். நோய்களை மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். சூட்டால் வருவது ஒன்று. வயசோடு வந்து கூடவே கிடப்பது ஒன்று. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவுவது இன்னொன்று. அம்மையும் பேதியும் சொறியும் தாவுகிற வகை. அந்த வீடுகளுக்குப் போய்வந்தால் குளிக்காமல் தன் பானையைத் தொடமாட்டாள். சிலந்தியைச் சூட்டு நோயில் சேர்த்திருந்தாள். வெயில் காலத்தில் வருகிறது, நெருப்பாய் எரிகிறது, வேறென்ன? ஊரும் அதைத்தான் சொன்னது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறு சித்திரையில் அந்தக் கணக்கு உடைந்தது.

அன்று காலை அவள் முன்னால் கால் நீட்டியிருந்தவர் ஊருணிக் காவலர் செம்மலை. குடிதண்ணீர் ஊருணி அவர் பொறுப்பு. மாடு இறங்கினால் அடி, துணி துவைத்தால் வசவு. அவருடைய வலது கணுக்காலில் புழு. மனைவி சின்னக்கண்ணு பின்னாலிருந்து அவர் தோளை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

காளியாயி புண்ணின்மேல் குளிர்ந்த தண்ணீர் விட்டாள். புழு கொஞ்சம் நெகிழ்ந்தது. அதன் வாயிலிருந்து பால் போல ஏதோ கசிந்து கீழிருந்த சட்டியில் விழுந்தது. எப்போதும் விழுவதுதான். அருவருப்பாக இருப்பதால் அந்தச் சட்டித் தண்ணீரைச் சாம்பல் குழியில்தான் கொட்டுவாள்.

"ஆட்டாதீக அண்ணே. ஒரு சாண் வந்திருக்கு."

"எரியுதே தாயி."

"ஊரையே மெரட்டுற ஆளு, நூலுக்குப் பயப்படுறாரு பாரு" என்றாள் சின்னக்கண்ணு.

"ராத்திரியெல்லாம் எப்புடித் தாங்குனீக?" காளியாயி ஈர்க்கை அரைச் சுற்றுத் திருப்பினாள். புழு இறுகியது. நிறுத்தினாள்.

"எங்க தாங்க? சாயங்காலம் தண்ணி எடுக்குற பொண்டுக போனதும் ஊருணியில எறங்கி முழங்கால் வரைக்கும் நிப்பேன். அந்தக் குளிர்ச்சிக்குத்தான் அடங்குது. போன வருசம் எடது காலுல வந்தப்பவும் அப்புடித்தான்."

காளியாயியின் பார்வை சட்டிக்குப் போனது. பால் கலந்த தண்ணீர்.

போன வருஷம் அவளிடம் வந்தவர்கள் ஐந்து பேர். இந்த வருஷம் பங்குனியிலிருந்தே பத்தொன்பது. எல்லோரும் போன வருஷம் அவர் இறங்கி நின்ற அந்த ஊருணியில் குடித்தவர்கள். முற்றத்துக் கிணற்றில் இறைத்துக் குடிக்கும் தேனம்மை ஆச்சி வீட்டில் இதுவரை ஒருவருக்கும் வந்ததில்லை. அந்த வீட்டுக்கும் இதே வெயில்தான் அடிக்கிறது.

இதே ஊருணியில் எவனோ கால் நனைத்துத்தானே மாயக்கண்ணனும் போனான்? ஈர்க்கை விடவும் முடியாது, இழுக்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள்.

"அண்ணே, இது சூடில்ல. தாவுற நோய். நீக எறங்குன தண்ணியிலதான் ஊருக்கே போயிருக்கு."

செம்மலை விருட்டென்று எழப் போனார். "என்ன பேச்சுப் பேசுற? நாய் நெழலைக்கூட விழ விடாதவன் நான்!"

புழு நரம்பாய் விறைத்தது. காளியாயி இடது கையால் அவர் காலைத் தரையோடு அமுக்கி, ஈர்க்கைப் புண்ணருகே கொண்டுபோய்த் தளர்த்தினாள்.

"உக்காருங்க! அறுந்துச்சுன்னா எம் புருசன் போன எடத்துக்குத்தான் போவீக. என்னைய வையிறதுன்னா உக்காந்துக்கிட்டு வையிங்க."

அவர் உட்கார்ந்தார். அறுபடவில்லை. சட்டியை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "இதைக் குடிப்பீகளா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"புண்ணோட எறங்காதீகன்னு நான் சொன்னா ஊரு கேக்காது. காவக்காரர் சொன்னாக் கேக்கும். நாளைக்குச் சொல்லிட்டு வாங்க, மிச்சத்தைச் சுத்துறேன்."

மறுநாள் விடிந்ததும் செம்மலை ஈர்க்கு கட்டிய காலோடு ஊருணிப் படியின் உச்சியில் போய் உட்கார்ந்தார். குடத்தோடு வந்த ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்தார். புண் இருந்தவர்களை இறங்க விடவில்லை. கயிறு கட்டிய வாளியில் அவர்களுக்குத் தாமே மொண்டு கொடுத்தார். ஏற்கெனவே கலந்தது குடத்துக்குள் போகாதிருக்க வேட்டித் துணியை நாலாய் மடித்துக் குடத்து வாயில் கட்டி, அதன்மேல் ஊற்றினார்.

"என்ன மாமா, புதுச் சட்டம்?" என்று கேட்டாள் முத்தழகு. அவள் மகனுக்கு இரண்டு காலிலும் சிலந்தி.

"போன வருசம் நாந்தான் புண்ணோட எறங்குனேன். ஒம் மகன் காலுக்கு நாந்தான் காரணம்."

முத்தழகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்க்கு வந்தபடி வைதாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே வாளியை இறக்கினார்.

பதினேழாம் நாள் புழு முழுசாய் வந்தது, ஏறக்குறைய ஒன்றரை முழம். காளியாயி அதை அடுப்பில் போட்டாள். அடுத்த சித்திரையில், தடை வருமுன் அந்தத் தண்ணீரைக் குடித்திருந்த எட்டுப் பேர் வந்தார்கள். அதற்கடுத்த சித்திரையில் இரண்டு பேர். இருவரும் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். அவர்களுக்கு ஈர்க்கைச் சுற்றுவதற்கு முன்னால் காளியாயி கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி எங்குட்டு எடுத்தீக?"