பீட்றூட் இல்லாத புதன்கிழமை

கலியாணம் கட்டின நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் தொடாதவன் நான்.

சிரிக்காதீர்கள். பொய்தான். பகலில் மட்டும் தொடமாட்டேன். பின்னேரம் நாம் நிற்கிற இந்தக் கோயில் மணி கேட்டதும், விரதம் முடிந்தது என்று நானே தீர்ப்புச் சொல்லிக் கூட்டாளி குணத்தோடு சாராயத்துக்குப் போய்விடுவேன். குணமும் என்னைப்போல பஸ் நிலையத்தடியில் ஆட்டோ ஓட்டுகிறவன். பகலெல்லாம் குந்தியிருந்து சிகரெட் ஊதுவோம். பொழுதுபட்டால் கருகச் சுட்ட இறைச்சியும் பொரித்த சொசேஜும். மரக்கறி என்று என் வயிற்றுக்குள் போனது, வெள்ளி மதியம் என் மனுசி சரசு வைக்கிற பீட்றூட் கறி மட்டும்தான்.

போன மாரிகாலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கக்கூசில் சிவப்பாகப் போனது. பீட்றூட் என்று நினைத்தேன். அடுத்த சனியும் பீட்றூட். குணத்திடம் சொன்னேன்.

"எனக்கும் போகுதடா. மூலம்தான், உடம்புச் சூடு. மோர் குடி."

இரண்டு பேரும் மோர் குடித்தோம். அதற்கு மேல் சாராயமும் குடித்தோம்.

பிறகு ஒரு புதன்கிழமை. பீட்றூட் இல்லாத புதன்கிழமை. ஒரே இரத்தம். கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் எலும்பாகிச் செத்ததைப் பார்த்தவன் நான்.

நேரே இந்தக் கோயில் வாசலுக்கு ஓடி வந்தேன். "அம்மாளாச்சி, இது பீட்றூட்டாவே இருக்கட்டும்" என்று கும்பிட்டேன். பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாதவன் கேட்கிற வரத்தைப் பாருங்கள்! திரும்பினால் பின்னால் சரசு. எல்லாம் கேட்டுவிட்டாள்.

"அம்மாளாச்சியிட்ட பீட்றூட் கேக்கிற மனுசனை இப்பதான் பாக்கிறன். ஏறுங்கோ ஆட்டோவில, ஆஸ்பத்திரிக்கு."

குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலுக்குள் காளான் மாதிரிச் சதை முளைகள். அறுத்தெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குப் பகிடியும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

"இது இன்னும் புற்றுநோய் இல்லை ஐயா. விட்டிருந்தா அப்பிடி மாறியிருக்கும்" என்றார் டொக்டர் அம்மா. "குடி, சிகரெட், சுட்ட இறைச்சி எல்லாம் விடுங்கோ. நடவுங்கோ. மரக்கறி சாப்பிடுங்கோ."

"வெள்ளியில சாப்பிடுறனான் டொக்டர்."

"மற்ற நாளில உங்கட குடல் எங்க போறது?"

நான் கேட்ட வரத்தை அம்மாளாச்சி தரவில்லை. சரசுவைத்தான் அனுப்பினாள். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். முளை திரும்பவும் வரலாமாம்; சோதனைக்குத் தவணை தவறாமல் போகிறேன். சாராயக் கடைப் பக்கம் ஆட்டோவைத் திருப்புவதில்லை.

குணத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "மோர் குடியடா" என்று சிரித்தான். அவன் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்றுநோய் ஈரலிலும் பரவியிருந்தது.

உங்களுக்கும் இரத்தம் போனால் கும்பிடுங்கள். ஆனால் ஆட்டோவில் ஏறியிருந்து கும்பிடுங்கள். நானே கொண்டுபோய் விடுவேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில்...

"இஞ்சேரப்பா! கதை காணும், வாங்கோ. குணத்தண்ணையை ஆஸ்பத்திரியால வீட்டை கொண்டந்திட்டினமாம். இனி ஒண்டும் செய்ய ஏலாதெண்டு டொக்டர்மார் சொல்லிப்போட்டினமாம். உங்களைத்தான் கேக்கிறாராம்."

சரசு கூப்பிடுகிறாள். நான் போகவேணும். அந்த விபூதியைக் கொஞ்சம் தாருங்கள், அவனுக்கு. அவனுக்காக நீங்களும் கும்பிடுங்கள். என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.