வோல்டேஜ் விழுகிற நேரம்

என் கணவரின் ஆண்டுத் திவசம் வரப்போகிறது. எனக்கு அவர் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. போனவர் மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதென்றால் முதலில் எங்கள் வீட்டுக் கரண்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கொக்குவிலில் ஒரு ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கு அங்கால் மதில், மதிலுக்கு அங்கால் தண்டவாளம். சந்தியில் நிற்கிற ட்ரான்ஸ்போமரிலிருந்து புறப்படும் கரண்ட், வழியில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் படியளந்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். காலையில் குறை சொல்ல முடியாது. பொழுதுபடுகிற நேரம்தான் கரைச்சல். வேலையால் வந்த எல்லோரும் கிணற்று மோட்டரைப் போட்டுவிட்டுக் குளிக்க நிற்பார்கள். அந்த நேரம் எங்கள் வீட்டு பல்ப் சிவந்துபோகும். மின்விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இதற்கு என் கணவர் கண்ட மருந்து ஸ்டெபிலைசர். வோல்டேஜ் குறைந்தால் ஏற்றியும் கூடினால் இறக்கியும் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது. மற்ற வீடுகளில் பிறிட்ஜுக்கு ஒன்று வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பிறிட்ஜுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு ஒன்று. வேலை செய்கிறபோது 'டக், டக்' என்று உள்ளே அடிக்கும். அது போதாதென்று, வோல்டேஜ் விழுந்ததும் இவர் கதிரையை விட்டுப் பாய்ந்து எழும்பி, ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுவார். வயரை வடிவாகச் சுருட்டிச் சாமானுக்கு மேலே வைத்து, துவாய்த் துண்டால் மூடிவிடுவார். எதற்கு மூடுகிறார் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பிறிட்ஜுக்குக் குளிருமா?

"இஞ்சருங்கோ, உந்தப் பெட்டியை வாங்கிப் பூட்டினதே சாமானைக் காப்பாத்தத்தானே? பிறகேன் நீங்கள் ஓடித் திரியிறியள்?"

"உதை நம்பியிருக்கேலாது. கழட்டி வைச்சால் ஒரு பயமும் இல்லை."

"அப்ப ஒரேயடியாக் கழட்டிப்போட்டுக் குப்பிவிளக்கிலை இருப்பம்."

சிரிக்கமாட்டார். கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சொன்ன பகிடிக்குச் சிரிப்பதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதுபோல இருப்பார்.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. ஒரு கிறைண்டரால்தான் இப்படி ஆனார். எங்களுக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். கல்யாணம் முடித்துப் போய் முதல் தடவை வந்தபோது, அம்மாவுக்கு அம்மியில் அரைத்துக் கை நோகிறது என்று ஒரு கிறைண்டர் கொண்டுவந்தாள். அங்கே ஒரு கோப்பிக் கடையில் விடிய எழும்பிப் போய் நின்ற உழைப்பில் வாங்கியது. தகப்பனுக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி முடியாது. மகள் பெட்டியில் மிச்சச் சாமான்களைக் கிளறிக்கொண்டிருக்க, இவர் கிறைண்டரைக் குசினிக்குக் கொண்டுபோய்ச் சுவர் பிளக்கில் குத்திவிட்டார். கனடாச் சாமான் நூற்றிப்பத்து வோல்டில் ஓடுவது. எங்கள் சுவரில் வருவது இருநூற்றிமுப்பது. ஒரு தரம் 'கிர்' என்று கத்தியது. பிறகு புகை. அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இப்படிக் கனடாச் சாமான் எரிக்காத வீடு குறைவு. மகளும் "அது பரவாயில்லை அப்பா, வேறை வாங்கலாம்" என்று சொல்லிச் சிரித்தாள். ஆனால் சிரிப்பதற்கு முன்னால் அவளுடைய முகம் ஒருக்கால் விழுந்துபோனதை நானும் கண்டேன், அவரும் கண்டார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மகள் திரும்பிப் போன கையோடு, இருநூற்றிமுப்பதை நூற்றிப்பத்தாக இறக்கித் தருகிற ஒரு ட்ரான்ஸ்போமரை வாங்கிக்கொண்டு வந்தார். தூக்க இரண்டு கை வேண்டும். அடுத்த தடவை மகள் கொண்டுவந்த கிறைண்டர் அதில்தான் ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் வீடு முழுக்க ஸ்டெபிலைசர் வந்தது.

"பிள்ளை தந்த சாமான் என்ரை கையாலை இனிப் பழுதாகக்கூடாது." இதை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பிறகு அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. சுவாசப்பை கட்டியாகிக்கொண்டு போகிறது, இனித் திரும்பாது என்று டொக்டர் சொன்னார். குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தாலே உதடு நீலம் பாரிக்கும். வீட்டில் வைத்து ஒட்சிசன் கொடுக்கச் சொன்னார்கள். மகள் அங்கிருந்தே ஆளைப் பிடித்து, எங்கள் கரண்டுக்குத் தோதான மெசினாகப் பார்த்து, கொழும்பில் எடுப்பித்து அனுப்பினாள். சுற்றியிருக்கிற காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, குழாய் வழியே மூக்குக்குத் தருகிற மெசின். அதற்கென்று புதிதாகப் பெரிய ஸ்டெபிலைசரும் வந்தது. மெசினைப் பொருத்திப் பூட்ட வந்த பொடியன் நல்ல தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனான்.

"வோல்டேஜ் விழுந்தால் மெசின் கீ கீ எண்டு கத்தும், பயப்பிடாதேங்கோ. ஸ்டெபிலைசராலை தாங்கேலாட்டி அது தானா வெட்டிப்போடும். மெசினுக்கு ஒண்டும் வராது. ஐயா, நீங்கள் மட்டும் கையை வைச்சிடாதேங்கோ."

டொக்டரும் சொன்னார்: "கொஞ்ச நேரம் மெசின் இல்லாட்டியும் தாங்கும். ஆனால் எழும்பி நடக்கக்கூடாது, குனியக்கூடாது. கதிரையிலை அசையாமல் இருக்கவேணும்."

இரண்டுக்கும் தலையாட்டினார். ஓம், ஓம் என்றார். நான் நம்பினேன்.

முதல் கிழமைகளில் பொழுதுபட்டால் நான் அவருடைய பக்கத்தை விட்டு அசையமாட்டேன். ஸ்டெபிலைசரின் முள் கீழே இறங்கும், மெசின் கத்தும், அவர் கண் கதிரையிலிருந்து பிளக்கை நோக்கிப் போகும். "இருங்கோ!" என்று அதட்டுவேன். பிள்ளைக்குச் சோறு தீத்துகிறவள்கூட அப்படிக் காவல் இருக்கமாட்டாள். ஒருநாள் மரக்கறிக்காரரின் சைக்கிளடியில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போது, முன்வீட்டு அக்காவிடம் மனம் பொறுக்காமல் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். உதவி கேட்டுச் சொல்லவில்லை. சொல்லிப்போட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் பொழுதுபட்டது. ஒழுங்கையில் ஒரு மோட்டர் சத்தமும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஒருவரும் கூட்டம் வைக்கவில்லை, என்னிடம் வந்து சொல்லவும் இல்லை. எல்லோரும் விடியவே தண்ணீர்த் தாங்கியை நிரப்பி வைத்துக்கொண்டார்கள். பின்னேரம் தண்ணீர் முடிந்துபோனால் கிணற்றில் வாளி போட்டு அள்ளினார்கள். எத்தனையோ காலமாகக் கேட்காத கப்பிச் சத்தம் மதிலுக்கு மேலால் கேட்டது.

"ஏனப்பா மோட்டர் ஒண்டும் கேக்கேல்லை?" என்றார் இவர்.

"எல்லாரும் காலமை இறைக்கினமாம்."

மனுசனுக்கு விளங்கிவிட்டது.

"ஒரு ஆள் மூச்சு விடுறதுக்கு ஒழுங்கையே வாளியிலை தண்ணி அள்ளுது. வெக்கமா இருக்கு, இஞ்சேரும்."

"வெக்கப்பட்டது காணும், போதும். மூச்சை விடுங்கோ."

அன்றைக்கு மட்டும் சிரித்தார். எனக்கு அது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதை நினைத்தால் கோபத்தோடு அழுகையும் வரும்.

அப்படியே மாதங்கள் போயின. நல்லூர்க் கோயிலில் கொடியேறிய கிழமை, முன்வீட்டுக்கு லண்டனிலிருந்து மகன் குடும்பம் வந்திறங்கியது. ஆவணி வெக்கைக்கு ஏசியும் பூட்டினார்கள். அந்தப் பின்னேரம் அக்கா நல்லூருக்குப் போய்விட்டார். வந்த பிள்ளைகளுக்கு ஒழுங்கையின் வழமை தெரியாது, அவர்களில் என்ன பிழை? ஏசி ஓட, மோட்டரையும் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் முள் சரிந்து விழுந்தது. ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று அடித்துப் பார்த்தது. மெசின் கத்தத் தொடங்கியது.

"எரியப்போகுது," என்றார்.

"எரியாது. அந்தப் பொடியன் சொன்னவன் தானே. கையை வையாதேங்கோ. அசையாமல் இருங்கோ, நான் ஓடிப்போய் நிப்பாட்டச் சொல்லிப்போட்டு வாறன்."

"கெதியா வாரும். பிள்ளை அனுப்பினது."

ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. முன்வீட்டு மருமகள் ஈரத் தலையோடு வந்து கதவைத் திறந்தாள். நான் சொல்லி முடிக்கவில்லை, "ஐயோ அன்ரி, எங்களுக்குத் தெரியாது!" என்று அவளே ஓடிப்போய் எல்லாவற்றையும் நிற்பாட்டினாள். தங்கமான பிள்ளை. படலையால் நான் வெளியே வரும்போதே ஒழுங்கை விளக்கு வெள்ளையாக எரிந்தது. எங்கள் விறாந்தை பல்பும் பளிச்சென்று தெரிந்தது. அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஆறுதலாக நடந்தேன். இனி என்ன, கரண்ட் வந்துவிட்டதே.

உள்ளே மெசின் சத்தம் இல்லை. ஸ்டெபிலைசர் தானாக வெட்டியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்டேன். சுவிச் அணைத்திருந்தது. பிளக் கழற்றியிருந்தது. வயரை வடிவாகச் சுருட்டி மெசினுக்கு மேல் வைத்து, அதற்கு மேல் துவாய் விரித்திருந்தது, ஒரு மடிப்புக்கூட இல்லாமல். அவர் கதிரைக்குத் திரும்பி வரவில்லை. மெசினடியில் சுவரோடு சாய்ந்து இருந்தார். குழாய் மூக்கிலேயே இருந்தது.

துவாயை இழுத்து எறிந்து, பிளக்கைக் குத்தினேன். மெசின் உடனே ஓடியது. குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இழுங்கோ, மூச்சை இழுங்கோ" என்று கத்தினேன். லண்டன்காரத் தம்பி காரைக் கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, எழும்பி நடந்து குனிந்ததை இருதயம் தாங்கவில்லை என்றார்கள்.

மகள் செத்தவீட்டுக்கு வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "மெசின் பழுதாப் போச்சோ அம்மா?" என்றுதான். நடந்ததைச் சொன்னேன். அவள் போய் அந்த மெசினைப் போட்டாள். அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. அதற்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு, "எரிஞ்சிருந்தால் நான் வேறை ஒண்டு அனுப்பியிருப்பன் தானே அப்பா, அனுப்பியிருப்பன் தானே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கு விழுந்த உன்னுடைய முகத்தை அவர் மறக்கவில்லை, பிள்ளை. ஆனால் பெற்ற பிள்ளைக்கு அதைச் சொல்ல முடியுமா? சொல்லவில்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகும் ஒழுங்கையில் பொழுதுபட்டால் மோட்டர் சத்தம் இல்லை. முதலில் நிற்பாட்டுவது யார் என்று பார்க்காதவர்கள், முதலில் போடுவது யார் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். கப்பிச் சத்தம் கேட்கக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. ஒரு பின்னேரம் எங்கள் மோட்டரை நானே போட்டேன். அது நெடுநேரம் ஓடிய பிறகு முன்வீட்டு மோட்டர் கேட்டது. பிறகு அடுத்தது. எங்கள் பல்ப் பழையபடி சிவந்தது. பிறிட்ஜின் பிளக்கைக் கழற்ற ஒருவரும் எழும்பவில்லை.

போன மாதம் அளவெட்டியிலிருந்து ஒரு பெண் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுடைய மாமனாருக்கும் இதே வருத்தம். எங்கள் வீட்டில் மெசின் சும்மா இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகளிடம் போனில் கேட்டேன், உடனே கொடுக்கச் சொன்னாள். மெசினையும் ஸ்டெபிலைசரையும் ஓட்டோவில் ஏற்றினோம். தூசி படாமல் மூட அந்தத் துவாயைத் தரமுடியுமா என்று கேட்டாள். தரமாட்டேன் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. கோபக்காரி என்று நினைத்திருப்பாள்.

ஓட்டோவில் ஏறி இருந்துகொண்டு, என் கையைப் பிடித்து நல்ல மனதோடு சொன்னாள்: "வலு கவனமாப் பாவிப்பம் அக்கா. வோல்டேஜ் விழுந்தால் உடனை கழட்டி வைச்சிடுவம். ஒரு பழுதும் இல்லாமல் திருப்பிக் கொண்டுவந்து தருவம்."

அவளுடைய கையை உதறிவிட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்ததோ தெரியாது. ஓட்டோக்காரரும் திரும்பிப் பார்த்தார்.

"கழட்டக்கூடாது! ஒருத்தரும் கழட்டக்கூடாது, விளங்குதோ? அது எரிஞ்சால் எரியட்டும் பிள்ளை. எனக்கு அது திருப்பி வேண்டாம். ஆள் இருந்தால் காணும்."