தோழர் கேட்ட பெயர்

கம்பம்மெட்டு மலைச்சாலையில் ஏறும் ஜீப்பின் பின்பக்கப் படி இன்னும் என் கண்ணுக்குள் ஆடுகிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களில் காலனிக்காரி ஒருத்திதான் அதில் தொற்றிக்கொண்டு வருவாள். நான் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, மெட்டு முடியும்வரை ஊர்க்கதை பேசுவேன். எனக்கு எழுத்துத் தெரியாது. வாய் மட்டும் தாராளம். இப்போதும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

சங்கம் கட்ட வந்த தோழர் மத்தியானச் சோற்று நேரத்தில்தான் வருவார். "உலகத்துல ரெண்டே வர்க்கம்தான் தாயி. உழைக்கிறவுக, அடுத்தவுக உழைப்பைத் திங்கிறவுக" என்பார். கேட்கக் கேட்க எனக்குக் குஷியாக இருக்கும். வட்டமாக உட்கார்ந்து ஒருவர் குழம்பை ஒருவர் ஊற்றிக்கொள்வோம், தோழருக்கும் ஊற்றுவோம். என் கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்குவார், அந்தப் பெருமையில் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. காலனிக்காரி நாலு செடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவாள். வட்டத்துக்குள் இருந்த தோழர் கண்ணில் அது படவில்லை.

கூலியை உயர்த்தச் சொல்லித் தோட்டத்து வாசலில் உட்கார்ந்தபோது மட்டும் அவளை முன்னால் வைத்தோம். அவளுக்குத்தான் கங்காணியிடம் பயமில்லை. நான்காம் நாள், தோழர் இல்லாத நேரம் பார்த்துக் கங்காணி வந்தார்.

"அவ ஒருத்திய விட்டுட்டு மத்தவுகல்லாம் உள்ள வாங்க. அவ என்ன உங்க ஆளா?"

என் வாய்தான் சும்மா இருக்காதே.

"எங்க ஆளு இல்லய்யா" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. சேலையை உதறிக்கொண்டு எழுந்து, மெட்டுச் சாலையில் நடந்தே இறங்கினாள். நாங்கள் உள்ளே போனோம். சங்கம் அன்றோடு முடிந்தது.

போன மாதம் தோழர் கம்பு ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பேத்தி லேப்டாப்பில் வேலை பார்ப்பதை வெகுநேரம் கவனித்தார். "இதுகளும் தொழிலாளிதான். ஆனா பக்கத்துல யாரு வேலை பாக்குறாகன்னு தெரியாது. பழசெல்லாம் திரும்ப யோசிக்கணும்" என்று நோட்டை விரித்தார். "நம்ம சங்கத்தை முதலாளி எப்படி உடைச்சாரு, சொல்லு ஆத்தா."

"முதலாளி எங்க உடைச்சாரு தோழர்? நாந்தேன் உடைச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"அந்தம்மா பேரு என்ன?"

மூன்று வருஷம் ஒரே ஜீப்பில் போய் வந்தோம். "ஏய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம்.

"சங்கத்துல சேத்தது நீங்கதான தோழர்," என்றேன். "உங்களுக்கும் தெரியாதா?"

பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது.