முதலில் கிளம்பிய பை

கூட்டுக் குடும்பமான நாங்கள் பதினோரு பேரும் பம்பாய் போக முடிவு செய்ததும் வீட்டில் பெரிய வாக்குவாதம். கணவர் ரயில் என்றார். நானும் குழந்தைகளும் விமானம்தான் என்று பிடிவாதம் பிடித்து ஜெயித்தோம். எங்களில் யாருமே அதுவரை விமானம் ஏறியதில்லை!

வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரமோ ராகுகாலம். அப்படி அமைந்தால், முன்கூட்டியே நல்ல நேரத்தில் ஒரு பையை அக்கம்பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்வோம். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. முக்கியமான பைதான் முதலில் போகவேண்டும் என்று நினைத்து, "டிக்கெட் இருக்குது, பத்திரமுங்க அக்கா" என்று என் கைப்பையையே எதிர்வீட்டுச் சரசக்காவிடம் கொடுத்தேன்.

வேன் வந்ததும் ஒரே குதூகலம். கோவை பீளமேடு விமான நிலைய வாசலில் டிக்கெட் கேட்டபோதுதான் பை ஞாபகமே வந்தது. அதைச் சரசக்கா வீட்டிலிருந்து எடுக்காமலே வந்துவிட்டோம்!

"ரயிலா இருந்தா ஏறிப்போட்டாவது டி.டி.ஆர்.கிட்டப் பேசிக்கலாம். இங்க வாசலையே தாண்ட முடியாதே!" என்று கணவர் தலையில் கைவைத்தார்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்சீட்டில் சரசக்கா, மடியில் என் பை!

"ஏன் அம்மணி, டிக்கெட்டை உட்டுப்போட்டு எப்படிப் பறப்பீங்க? அதான் எங்க ஊட்டுக்காரரைக் கிளப்பிக்கிட்டு ஓடி வாரேன்!"

கடைசி ஆட்களாக உள்ளே ஓடினோம். விமானம் எழும்பியதும் முதலில் கைதட்டியவர், ரயில் கேட்ட என் கணவர்தான்!

இப்போதும் நேரம் பார்த்துப் பை வைக்கிறேன். அதில் ஒரு துண்டும் சீப்பும் மட்டுமே. டிக்கெட் என் இடுப்பில். வழியனுப்ப வரும் சரசக்காவுக்கு வேனில் முன்சீட்டு!

– கோமதி, காந்திபுரம்