மீன் பெட்டியில் போன கணினி

“மார்ச் 24, வியாழன். காலை 9.10. கணினி மீன் பெட்டியில் ஏற்றப்பட்டது. 41 வீதம்.”

தினக்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மழை, காற்று, சந்தைக்கு வெங்காயம் வந்த நாள், படகு கடலுக்குப் போகாத நாள் என்று முப்பது வருடமாகக் குறித்து வருகிறவன் நான். தபால் கந்தோரில் வேலை செய்தவனுக்குத் திகதியும் நேரமும் போடாமல் எதையும் விட மனம் வராது. ஆனாலும் இந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும்.

உடம்புக்குள் இருக்கும் புரதம் என்பது நீளமான ஒரு சங்கிலி. அது தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் தன் வேலையைச் செய்யும். பிசகாக மடிவதற்கும் சில வருத்தங்களுக்கும், அதாவது நோய்களுக்கும், தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். எப்படி மடிகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது பெரிய வேலை. அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தக் கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி, உலகத்தில் விருப்பமுள்ளவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு இணையத்தில் அனுப்புகிறார்கள். நாம் சும்மா இருக்கும்போது கணினி அதைச் செய்கிறது. முடிந்ததும் திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கெடு உண்டு. கெடு தவறினால் அதே துண்டு வேறு யாருக்காவது போய்விடும்.

கற்பிட்டியில் என் வீட்டிலிருந்த பழைய கணினியை இதற்குக் கொடுக்கலாம் என்று, ஒரு சஞ்சிகையை வாசித்துவிட்டு, எத்தாளையிலிருந்து வந்திருந்த என் அண்ணனான நானாவிடம் சொன்னேன். நானா நாற்பது வருடம் படகு எஞ்சின் திருத்தியவர். வலது கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. முதலில் அவரே தேநீர்க் கோப்பையைப் பாதியளவுதான் நிரப்பச் சொன்னார். பிறகு ஆட்கள் எஞ்சினை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

“கை நடுங்குற வருத்தமும் அந்தக் கணக்குல ஈக்குதா?” என்று கேட்டார்.

“ஓம் நானா, அதுவும் ஒண்டு எண்டுதான் போட்டிருக்கு.”

“அப்ப என்ட பேர்ல ஒண்டு எடு. ஒரு வேலையாவது முடிச்சிக் குடுப்பம்.”

எடுத்தேன். சரியாக ஒரு துண்டு வந்தது. கெடு வெள்ளி பின்னேரம் 4.40.

நாங்கள் எதிர்பாராதது மின்வெட்டு. வியாழன் காலை 41 வீதம் முடிந்திருந்தது. மணிக்கு இரண்டரை வீதம்தான் அந்தக் கிழட்டுக் கணினியின் நடை. மீதிக்கு இன்னும் இருபத்து நாலு மணிநேரம் வேண்டும். அறிவித்த நேரப்படி எங்கள் வீட்டில் கெடுவுக்குள் கிடைப்பது பத்தொன்பது மணிநேரம்தான். தொலைபேசியில் நானாவுக்குச் சொன்னேன்.

“உங்கட பக்கம் எத்தன மணிக்குப் போகும்?” என்றார்.

“காலை பத்துக்குப் போய் மூணுக்கு வரும். ராவைக்கும் ரெண்டரை மணித்தியாலம்.”

“எங்கட பக்கம் பத்துல இருந்து மூணு வரைக்கும் ஈக்குது. மூணுக்குத்தான் போகும். அத இங்க அனுப்பு.”

முச்சக்கர வண்டிக்குப் பெற்றோல் இல்லை. எங்கள் வாசலால் தினமும் சைக்கிளில் எத்தாளைக்குப் போகிற மீன்காரரை மறித்தேன். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கடலுக்குப் போகாத நாட்கள். அவருடைய ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியின் அடியில் கொஞ்சம் சூடை மீன் மட்டும் கிடந்தது. அதை ஒரு பையில் மாற்றிவிட்டு, பழைய போர்வையில் சுற்றிய கணினியை இறக்கினோம்.

“சேர், இதுக்கு ஐஸ் போடவேணுமா?” என்றார் மீன்காரர்.

“போட்டா நல்லந்தான், அது சூடாகிறதுதான் பிரச்சினை,” என்றேன்.

என் மனைவி வாசலில் நின்றபடி, “திரும்பி வரக்குள்ள கறிக்குத்தான் உதவும்,” என்றாள்.

நான் என் சைக்கிளில் பின்னால் போனேன். வழியில் மூன்று இடத்தில் பெண்கள் தட்டோடு வந்து மறித்தார்கள். மீன்காரர் மூடியைத் திறந்து காட்டினார். ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, “இது என்னத்த, முள்ளு கூடவா?” என்று கேட்டாள். அந்த இடத்தில் மட்டும் எங்களுக்குச் சிரித்து முடிக்க நாலு நிமிடம் போனது. குறித்திருக்கிறேன்.

பத்து மணிக்கு நானாவின் வீட்டில் கணினியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்தோம். வைத்த அறைதான் பிழை. அவ்வருட வெங்காயம் முழுவதும் அந்த அறையில்தான் பிடி பிடியாகக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மேசை இருந்ததும் மின்சாரம் வந்ததும் அங்கேதான் என்பதால் யாரும் அதை யோசிக்கவில்லை. 11.20க்குக் கணினி தானாக நின்றது. மறுபடி போட்டேன். மூன்று நிமிடத்தில் மறுபடி நின்றது. நான் கம்பிகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். ஒரு மணிநேரம் அப்படியே போனது.

சமையலறையிலிருந்து நானா வந்தார். “இன்னொருக்கா போடு,” என்றார். போட்டேன். காதைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார்.

“மூச்சு முட்டுது. காத்து இழுக்குற பக்கம் அடைபட்டிருக்கு. எஞ்சினும் இப்பிடித்தான் கத்தும். கழத்து மூடிய.”

கழற்றினேன். உள்ளே ஃபேனின் இறக்கைகளுக்குள் சிவப்பு வெங்காயச் சருகு ஒட்டிக் கிடந்தது. மெல்லியது, பட்டுத் துணி மாதிரி. மேலே தொங்கிய வெங்காயத்திலிருந்து உதிர்ந்ததையெல்லாம் அது ஒரு மணிநேரமாக உறிஞ்சியிருக்கிறது. விரலால் எடுத்தால் நொறுங்கி இன்னும் உள்ளே போனது.

நானா உள்ளே போய், முகம் மழிக்கிற பிரஷ் ஒன்றை எடுத்துவந்தார். வலது கையில் பிடித்தார். நான் வாங்கப் போனேன்.

“விடு,” என்றார்.

பிரஷ் ஃபேனில் பட்டது. அவர் எதுவும் செய்யவில்லை. கை தன் பாட்டில் நடுங்கியது. சின்னச் சின்னதாக, ஒரே வேகத்தில், நிற்காமல். சருகு பொலபொலவென்று கழன்று மேசையில் விழுந்தது. நான் அப்படி அசைக்க முயன்றிருந்தால் அரை நிமிடத்தில் கை சளைத்திருக்கும்.

மதினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ரெண்டு வருசமா இந்தக் கைய மாத்திரை குடுத்து ஆடாம வெச்சிருக்கப் பாக்குறம். இப்ப வேலைக்கு ஆள் கிடைச்சிட்டு,” என்றார்.

“ஓம், வீட்டுல தூசி தட்ட இனி என்னக் கூப்பிட வேணாம். கம்பெனி வேலை,” என்றார் நானா. சிரித்தபோது கை இன்னும் ஆடியது. இன்னும் சருகு விழுந்தது.

12.50க்கு மறுபடி தொடங்கியது. இம்முறை கூடத்தில் வைத்தோம். மூன்று மணிக்கு மீன்காரர் காலிப் பெட்டியோடு திரும்பி வந்தார். கணினி கற்பிட்டிக்குப் போனது. வெள்ளிக்கிழமையும் அதே பயணம். ஜும்ஆத் தொழுகைக்கு நானாவும் நானும் பள்ளிக்குப் போனபோது மதினி கதிரையைக் கணினியின் முன் போட்டு உட்கார்ந்திருந்தார். “சருகு ஒண்டும் வரல்ல. ஒரு பூனைதான் வந்துது,” என்று அறிக்கை தந்தார்.

மூன்று மணிக்கு 98 வீதமும் சொச்சமும். இம்முறை நானாவும் என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டார். பள்ளிவாசல்துறைத் திருப்பத்தில் எதிர்க்காற்று. முன்னால் பெட்டி, பின்னால் நாங்கள். “மிதி தம்பி, மிதி,” என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு 3.45. போட்டோம். என் மனைவி தேநீர் வைத்தாள். யாரும் குடிக்கவில்லை.

4.21க்கு நூறு. 4.23க்கு அது போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது. நானா திரையைத் தொட்டுப் பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ். நேரத்துக்கு முடிச்சிக் குடுத்திட்டம்,” என்றார். பிறகு ஆறிய தேநீரை, கோப்பை நிறைய இருந்ததை, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கொஞ்சம் சிந்தியது.

கணினியில் இன்றைக்கும் மழை நாட்களில் சூடை மணக்கிறது.

எத்தாளையில் நானா, தான் முடித்துக் கொடுத்தது கை நடுங்குகிற வருத்தத்துக்கான கணக்கு என்று எல்லாரிடமும் சொல்கிறார். அந்தத் துண்டுக்கு ஓர் இலக்கம் மட்டும்தான் இருந்தது. எந்த வருத்தத்துக்குரியது என்று அதில் எழுதியிருக்கவில்லை. இலக்கத்தைக் குறிப்பிட்டு இரண்டு தடவை கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஆகவே நானா சொல்வது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.